பணிக்கொடை அட்வான்ஸ் ஆன கதை

மூணாறிலோ பீர்மேட்டிலோ தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், குடியேறும் தொழிலாளி அட்வான்ஸ் எதுவும் கொடுப்பதில்லை. மாத வாடகையும் கிடையாது. தொழிலாளிக்கு வீடு தருவது தோட்ட முதலாளியின் சட்டக் கடமை என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் வீட்டைக் காலி செய்யும் வேளையில் அங்கே எழும் பணத் தகராறு, சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வாடகைக்கு இருந்தவர் அட்வான்ஸைத் திரும்பப் பெறப் படும் பாட்டைவிடக் கடுமையானது. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவருக்குச் சேரவேண்டிய கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வீட்டுச் சாவி நிர்வாகத்தின் கைக்கு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது என்பது இடுக்கி மலைத் தோட்டங்களில் நெடுங்காலமாக ஒலிக்கும் புகார். கொடுக்காத அட்வான்ஸுக்குப் பதிலாக உழைப்பின் மிச்சம் ஈடாகப் பிடிக்கப்படுகிறது. அந்த ஈட்டைக் கேட்கிற வீடோ, பெரும்பாலும் ஓதமேறி உப்புப் பூத்து, கூரையில் பிளாஸ்டிக் படுதா விரித்து மழையைச் சமாளிக்கிற வீடு. பணிக்கொடையை வீட்டுக்கு ஈடாக வைப்பதற்குச் சட்டத்தின் எழுத்திலும் நியாயமில்லை, அந்த வீடுகளைக் கெடுக்கும் ஈரத்தின் இயல்பிலும் நியாயமில்லை. வீட்டுக் கணக்கு வேறு, உழைப்புக் கணக்கு வேறு என்று இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில், சாதாரண வாடகை வீட்டுக்கு நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 108ஆம் பிரிவில் குத்தகைதாரரின் உரிமைகளையும் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. குடியிருப்பவர் வீட்டை வாங்கியபோது இருந்த நிலையிலேயே திருப்பிக் கொடுக்கவேண்டும்; ஆனால் நியாயமான தேய்மானத்துக்கும், தடுக்க முடியாத சக்தியால் நேர்ந்த மாற்றத்துக்கும் அவர் பொறுப்பல்ல. உரிமையாளர் செய்யவேண்டிய பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்த பிறகும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துவிட்டு அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். 2021 ஜூன் மாதம் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. கட்டுமானப் பழுதும் சுவருக்கு வெள்ளையடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு என்று அட்டவணை போட்டே பிரிக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாத வாடகை என்ற வரம்பை வைத்து, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தரச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் இந்த வரம்பு பொருந்தாது என்று அதே வரியில் ஒரு வாசலும் திறந்திருப்பது அந்தச் சட்டத்தின் பெரிய பலவீனம். இருந்தாலும் மூன்று சட்டங்களையும் சேர்த்துப் படித்தால் தெரிவது ஒரே எண்ணம்: ஈடாகப் பிடிக்கும் பணத்துக்கு ஓர் அளவு வேண்டும், திருப்பித் தர ஒரு கெடு வேண்டும், தேய்மானத்தைக் குடியிருந்தவர் தலையில் கட்டக்கூடாது. லயத்தில் இந்த மூன்றுமே இல்லை.

இல்லாமல் போனதற்குக் காரணம், தோட்டத்து வீடு வாடகைச் சந்தையில் பிறந்த வீடு அல்ல. கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்சார் அரசர் 1877இல் ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்குக் கொடுத்தபோது ஆண்டுப் பாட்டம் 3,000 ரூபாய், ஈட்டுத் தொகை 5,000 ரூபாய் என்று பேசப்பட்டது. மலையை வாங்கியவர்களுக்கு இப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது. அந்த மலையில் காடழித்துத் தேயிலை நடக் கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து அழைத்துவந்த மக்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள், வீடு என்பது வேலையின் ஓர் உறுப்பாக மட்டுமே கிடைத்தது. வேலை இருக்கும்வரை கூரை. வேலை போனால் கூரையும் போகும். விடுதலைக்குப் பின் வந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்தப் பழைய ஏற்பாட்டை உடைக்கவில்லை. அதை முதலாளியின் கடமையாக மாற்றியது. தோட்டத்தில் தங்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு கட்டித் தரவும், அதைப் பராமரிக்கவும் வேண்டும் என்று 15ஆம் பிரிவு சொன்னது. பராமரிப்பும் கட்டித் தருவதும் ஒரே வாக்கியத்தில் ஒரே கடமையாக வைக்கப்பட்டன என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். எந்தச் சூழ்நிலையில் தொழிலாளியை வீட்டிலிருந்து வெளியேற்றலாம் என்பதை விதிகள் வழியாக வரையறுக்க மாநில அரசுக்கு 16ஆம் பிரிவு அதிகாரம் தந்தது. ஆக, வெளியேற்றத்துக்கு ஒரு சட்ட வழி இருக்கவேண்டும் என்பதையும் அன்றே நாடாளுமன்றம் யோசித்திருக்கிறது.

பணிக்கொடை வேறொரு சட்டத்தின் பிள்ளை. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வகுத்தபடி, ஐந்தாண்டுகள் தொடர்ந்து உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் கூலி சேரும். நாள் கூலி 400 ரூபாய், உழைத்தது 30 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் தொகை 1,80,000 ரூபாய். அது சேரவேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்தாகவேண்டும். தாமதமானால் வட்டி உண்டு. 1987 முதல் அந்த வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு. நம் கணக்கில் அது மாதம் 1,500 ரூபாய். தொழிலாளியின் தவறால்தான் தாமதம் என்று நிர்வாகம் கருதினால், அதற்காக உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கவேண்டும். வாங்கினால்தான் வட்டியிலிருந்து விலக்கு. பணிக்கொடையைப் பறிமுதல் செய்வதற்கும் 4ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவு மிகக் குறுகிய வழிதான் வைத்தது: முதலாளியின் சொத்துக்கு வேண்டுமென்றே அல்லது கவனக்குறைவால் சேதம் விளைவித்ததற்காக வேலை நீக்கம் செய்யப்பட்டிருக்கவேண்டும், அப்போதும் சேதத்தின் அளவுக்கு மட்டும், அல்லது வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்றவற்றுக்காக நீக்கப்பட்டிருக்கவேண்டும். வயது முடிந்து ஓய்வு பெற்றவர் இந்த வகை எதிலும் வரமாட்டார். வீட்டைக் காலி செய்யாதது அந்தப் பட்டியலிலேயே இல்லை. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகக்கூடப் பணிக்கொடையை ஜப்தி செய்யக் கூடாது என்று 13ஆம் பிரிவு காவல் போட்டது. கடன்காரரால் தொட முடியாத பணத்தை, வீட்டுக்காரர் என்ற தகுதியில் முதலாளி மட்டும் பெட்டியில் பூட்டி வைக்கலாம் என்பது எந்தத் தர்க்கத்துக்கும் அடங்காது.

இந்த ஈட்டு முறை எவ்வளவு வெளிப்படையாக நடக்கும் என்பதற்கு மலைக்கு இந்தப் பக்கம், திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை சாட்சி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தை, குத்தகை 2028இல் முடிய இருக்க, 2024இல் பாம்பே பர்மா நிறுவனம் மூட முடிவெடுத்தது. விருப்ப ஓய்வுத் தொகையில் 25 விழுக்காடு கையெழுத்திட்ட பின், மீதி 75 விழுக்காடு வீட்டைக் காலி செய்த பின் என்பது தொழிலாளர்களுக்கு வைக்கப்பட்ட ஏற்பாடு. விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது நாடறிந்த செய்தி. விருப்ப ஓய்வுத் தொகை பணிக்கொடையிலிருந்து வேறுபட்டது. அது பேரத்தில் பிறக்கிறது, அதற்கு நிபந்தனை வைக்க நிறுவனத்துக்கு இடம் உண்டு. ஆனால் அந்த முக்கால் பங்கு எதற்காகப் பின்னுக்குத் தள்ளப்பட்டது என்று பார்த்தால் லயத்தின் உண்மை நிலை புரியும். நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே உழைத்தவர்களுக்குக் கீழே ஊரில் வீடில்லை. வெளியேறக் காசு வேண்டும். காசு வேண்டுமானால் வெளியேறியிருக்கவேண்டும். இடுக்கித் தொழிலாளர்களுக்கும் இதே நிலைதான்: போடியிலோ கம்பத்திலோ ஒரு வாடகை வீடு பிடிக்கக்கூட அட்வான்ஸ் கேட்பார்கள். அந்த அட்வான்ஸுக்கு அவர்கள் கையில் இருக்கக்கூடிய ஒரே பணம் பணிக்கொடைதான். அதையே பிடித்து வைத்துக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொல்வது, போகும் வழியை அடைத்துவிட்டுப் போ என்பதுதான்.

இனி ஈரத்துக்கு வருவோம். வீட்டின் சேதத்தைக் காட்டிப் பணத்தைப் பிடிப்பவர் சேதம் யாரால் வந்தது என்று காட்டக் கடமைப்பட்டவர். பீர்மேட்டில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் 15 முதல் 17 வரையிலான மூன்றே நாளில் சுமார் 800 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த மழையில் நிற்கும் பழைய லயத்தின் அமைப்பைப் பாருங்கள். சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில் நீளமாக ஒரு வரிசை. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னே ஒரு திண்ணை. கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய சுவர். அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஓதம் தடுக்கும் படலம் அந்தக் காலக் கட்டடங்களில் கிடையாது. பின்சுவர் பல இடங்களில் வெட்டிய மண்ணை ஒட்டியே நிற்கிறது. மேலே தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஈரம் மூன்று வழிகளில் வரும். மூன்றும் மூன்று விதமான அடையாளத்தை விட்டுச் செல்லும். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவரின் அடிப்பகுதியில், ஏறத்தாழ இடுப்பளவு உயரத்துக்குள், ஒரே மட்டமாகக் கறை போடும்; அந்தக் கறையின் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும், பூச்சு பொரிந்து உதிரும். கூரையிலிருந்தும் பின்சுவரிலிருந்தும் கசியும் நீர், ஆணி ஓட்டைக்குக் கீழேயும் ஷீட் சேரும் இடத்திலும் திட்டுத் திட்டாகக் காட்டும். மழை வந்தால் பெருகும், நின்றால் காயும். மூன்றாவது, உள்ளே சமைப்பதாலும் துணி காயப்போடுவதாலும் எழும் ஆவி குளிர்ந்த சுவரில் படிவது. அது மூலைகளிலும் பெட்டிகளுக்குப் பின்னாலும் கரும்பூஞ்சணமாகத் தெரியும், உப்பு பூக்காது.

இந்த வேறுபாட்டை ஓர் அனுபவமுள்ள கொத்தனார் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். முதல் இரண்டு வகையும் கட்டடத்தின் குறை, பராமரிப்பின் குறை. குடியிருப்பவருக்கு அதில் பங்கில்லை. மூன்றாவதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று வாதத்துக்கு ஏற்கலாம். ஆனால் அதிலும் கேள்வி முடியவில்லை. விறகடுப்பின் புகை போகப் புகைபோக்கி இருந்ததா, காற்றோட்டத்துக்குச் சன்னல் இருந்ததா, ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் தலைகாட்டாத மலையில் நனைந்து வரும் துணியை அடுப்பருகே காயப்போடாமல் வேறெங்கே காயப்போடுவது? வீட்டு உரிமையாளர்கள் பூஞ்சணத்துக்குக் குடியிருப்பவரின் பழக்கவழக்கத்தைக் காரணம் காட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம். இங்கிலாந்தின் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டின் பூஞ்சணமே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். பெற்றோர் பலமுறை புகார் செய்தும், வீட்டுவசதி நிறுவனம் அவர்களின் வாழ்க்கைமுறையைக் குறைசொல்லிக் கொண்டிருந்தது அந்த விசாரணையில் அம்பலமானது. அதன் விளைவாக 2023இல் வந்த சட்டத்தின் ஒரு பகுதி அந்தக் குழந்தையின் பெயராலேயே வழங்குகிறது. சமூக வீடுகளின் உரிமையாளர்கள் ஈரப் புகாரைக் குறித்த கெடுவுக்குள் விசாரித்துச் சரிசெய்யவேண்டும் என்பது அதன் சாரம். வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் ஆஸ்துமா உள்ளிட்ட மூச்சுக் கோளாறுகளுக்கும் உள்ள தொடர்பை உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே ஆராய்ந்து அறிவித்துவிட்டது. ஆகவே ஈரம் வீட்டின் அழகைப் பற்றிய தகராறாக மட்டும் நிற்பதில்லை, உடலுக்குள் போகிறது.

நம் சொந்தச் சட்டத்திலேயே இதற்கு ஒரு நல்ல அளவுகோல் கிடக்கிறது. யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்பதே என் ஆதங்கம். 1981ஆம் ஆண்டுத் திருத்தம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 16ஏ முதலான பிரிவுகளைச் சேர்த்தது. முதலாளி தந்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால், காயமுற்றால், முதலாளி இழப்பீடு தரவேண்டும். இரண்டே நிலைகளில் விலக்கு: இடிந்தது முழுக்கவும் நேரடியாகவும் குடியிருந்தவரின் தவறால் மட்டும் என்றிருக்கவேண்டும், அல்லது இயற்கைப் பேரிடரால் என்றிருக்கவேண்டும். இந்த ஏற்பாடு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. குடியிருந்தவருக்கும் ஒரு பங்கு தவறு உண்டு என்று காட்டினால் போதாது. முழுத் தவறும் அவருடையதே என்று காட்டவேண்டும். ஒரு சுவர் முழுதாக விழும்போது சட்டம் வைக்கும் அளவு இது. அதே சுவர் ஆண்டுக்கணக்கில் ஓதமேறி மெல்ல மெல்ல உதிரும்போது மட்டும் பொறுப்பு எப்படித் தலைகீழாகத் தொழிலாளி பக்கம் போகும்? வீழ்ச்சியும் உதிர்வும் ஒரே பராமரிப்பின்மையின் இரு வேகங்கள். இந்த அளவுகோலை வீட்டுச் சேதத் தகராறுக்கும் நீட்டினால், பணிக்கொடையில் கைவைக்கும் பேச்சே எழாது. பேரிடர் விலக்கையும் கவனமாகத்தான் ஏற்கவேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் மாண்டார்கள். மழை இயற்கையுடையது, அந்தச் சரிவுக்குக் கீழே மக்களைக் குடிவைத்தது மனிதர்களின் முடிவு. தங்கள் வீட்டின் இடத்தையோ கட்டுமானத்தையோ தேர்ந்தெடுக்கும் உரிமை அதில் வாழ்ந்தவர்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது உச்ச நீதிமன்றத்திலிருந்து வருகிறது. ஓய்வுக்குப் பிறகும் குடியிருப்பைக் காலி செய்யாத எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணைய அலுவலர் தொடர்பான வாரியர் வழக்கில் 2005இலும், இந்திய உருக்கு ஆணைய வழக்கில் 2020 டிசம்பரிலும், தண்ட வாடகையைப் பணிக்கொடையில் ஈடுகட்டலாம் என்று நிர்வாகத்துக்குச் சாதகமான தீர்ப்புகள் வந்தன. மறுபுறம் ஆர். கபூர் வழக்கில் 1994இலும், கோரக்பூர் பல்கலைக்கழக வழக்கில் 2001இலும், வீட்டைக் காட்டி ஓய்வுப் பலன்களைப் பிடித்துவைத்தது தவறென்று அதே நீதிமன்றம் வட்டியோடு கொடுக்க உத்தரவிட்டிருக்கிறது. எந்தத் தீர்ப்பு மேலோங்கும் என்று வழக்குரைஞர்கள் வாதிடட்டும். நான் சுட்ட விரும்புவது, முதல் வகைத் தீர்ப்புகள் நின்ற தரை லயத்தின் தரை அல்ல என்பதை. அந்த நிறுவனங்களில் குடியிருப்பு வேலைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் வசதி. அதற்கு எழுதிய விதிகள் உண்டு, நிலைத்த வாடகை உண்டு, எத்தனை மாதம் தங்கலாம் என்ற கணக்கு உண்டு, அதை மீறினால் தண்ட வாடகை எவ்வளவு என்பதும் முன்கூட்டியே தெரியும். ஈடுகட்டப்பட்டது கணக்கிடக்கூடிய ஒரு தொகை. லயத்திலோ வாடகையே இல்லை. இல்லாத வாடகையின் எத்தனை மடங்கு தண்டம்? சந்தை வாடகையை அளவாக எடுக்கலாம் என்றால், கூரை ஒழுகி அடிச்சுவர் உதிரும் ஓரறை வீட்டுக்கு அந்த மலையில் யார் என்ன வாடகை தருவார்? அந்த மதிப்பைக் கணக்கிட்டு, பராமரிக்கத் தவறிய ஆண்டுகளின் பாக்கியையும் மறுபக்கத்தில் எழுதினால், யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது எளிதில் மாறிவிடும்.

இரண்டாவது எதிர்வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். பிடிமானம் எதுவும் இல்லாவிட்டால் ஓய்வு பெற்றவர் யாரும் வெளியேற மாட்டார். புதிதாக வரும் தொழிலாளிக்கு எங்கே வீடு கொடுப்பது என்று நிர்வாகங்கள் கேட்கின்றன. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் இன்று மூணாறுக்கு வரும் குடும்பங்களுக்கும் அதே வீட்டுரிமை உண்டு. அவர்களை நெருக்கியடித்துக் குடிவைப்பது இன்னொரு அநீதி. ஆனால் ஓய்வு பெற்றவர் தங்கியிருக்கும் வீட்டில் பெரும்பாலும் அவர் மட்டும் இருப்பதில்லை. மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் தற்காலிகத் தொழிலாளியாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். வீட்டை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் தகராறே முடிந்துவிடும் இடங்கள் பல. உண்மையிலேயே வெளியேற்ற வேண்டிய இடத்தில், விதிப்படி அறிவிப்புக் கொடுத்து, உரிய அதிகாரியின் முன் வழக்காடும் வழி திறந்தே இருக்கிறது. அது மெதுவான வழி என்பது உண்மைதான். ஆனால் மெதுவான வழியின் சுமையை, மாதக் கூலி நின்றுபோன முதியவர் தாங்கவேண்டுமா, நிறுவனம் தாங்கவேண்டுமா என்பதுதான் கேள்வி. பணத்தைப் பிடித்துவைப்பது விரைவான வழியும் அல்ல. பணமில்லாதவர் நகரமாட்டார், அவர் நகராததால் பணம் வராது. இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் உறைந்து கிடக்கிற இந்த நிலையில் வீடும் கெடுகிறது, ஏனென்றால் காலி செய்யவேண்டிய வீடு என்று குறித்துவிட்ட வீட்டுக்கு ஒரு ஷீட் மாற்றக்கூட யாரும் ஆளனுப்பப் போவதில்லை.

தேயிலைத் தொழிலே நொடிந்திருக்கிறது, பணமிருந்தால்தானே கொடுப்பது என்பது அடுத்த வாதம். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய விலைச்சரிவு பீர்மேட்டை எப்படிச் சிதைத்தது என்பதை அந்த மண்ணிலேயே வளர்ந்த மானுடவியலாளர் ஜெயசீலன் ராஜ் 2022இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 2000ஆம் ஆண்டில் பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்கள் மூடப்பட்டன. நிலுவை நிலுவையாகவே நின்றது. நெருக்கடி பொய்யல்ல. ஆனால் பணிக்கொடை ஓய்வு நாளில் திடீரென்று முளைக்கும் கடன் அன்று. ஒவ்வோர் ஆண்டு உழைப்பு முடியும்போதும் பதினைந்து நாள் கூலி சேர்ந்துகொண்டே வருகிறது; முப்பது ஆண்டுகளாகத் தெரிந்த கடனுக்கு ஒதுக்கீடு செய்யாமலிருந்தது நிர்வாகத்தின் முடிவு. பணிக்கொடைக்குக் கட்டாயக் காப்பீடு எடுக்கவேண்டும் என்ற பிரிவே 1987இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நடைமுறைப்படுத்துவதை மாநிலங்களிடம் விட்டதால் அது தூங்கியது. கர்நாடகம் 2024இல் எழுப்பியது. கேரள அரசும் தோட்டத் துறைக்கு உதவாமல் இல்லை. நீதிபதி என். கிருஷ்ணன் நாயர் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு 2018இல் தோட்ட வரியைக் கைவிட்டது. முதலாளிக்குத் தரும் சலுகையோடு, ஓய்வு பெற்றோரின் நிலுவையைத் தீர்க்கவேண்டும், கூரைகளை மாற்றவேண்டும் என்ற கெடுவையும் சேர்த்துக் கட்டியிருந்தால், அந்தச் சலுகையின் பயன் லயத்துக்கும் எட்டியிருக்கும். 2015 செப்டம்பரில் பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில் மூணாறு வீதியில் அமர்ந்த பெண் தொழிலாளர்கள் போனஸுக்காக மட்டும் அங்கே வரவில்லை. தங்கள் கூரைகளைப் பற்றியும் பேசினார்கள். போனஸ் 20 விழுக்காடு கிடைத்தது. கூரை பேச்சோடு நின்றது.

பாலக்காட்டு மலைக்குப் போனால் சிக்கல் இன்னொரு முகம் காட்டுகிறது. நெல்லியாம்பதியின் தோட்டங்கள் பல கொச்சி சமஸ்தான காலத்துக் குத்தகையில் நின்றவை. குத்தகை முடிந்தோ, நிபந்தனை மீறப்பட்டதென்றோ அரசு மீட்டுக்கொண்ட தோட்டங்கள் உண்டு. நீதிமன்றங்களில் இழுபறியில் கிடக்கும் தோட்டங்களும் உண்டு. அங்கே வீடு தந்தவரே ஒரு குத்தகைதாரர். அவர் போனபின் வீட்டைப் பராமரிப்பவர் யார், பணிக்கொடைக்குப் பொறுப்பு யார் என்று தொழிலாளி ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கவேண்டியதாகிறது. மூடிய தோட்டங்களின் நிலுவையைக் கணக்கிட உச்ச நீதிமன்றம் நீதிபதி அபய் மனோகர் சாப்ரே குழுவை 2020இல் அமைத்ததும், பல மாநிலங்களில் தனித்தனியாகத் தேடியும் பதில் கிடைக்காத இந்தக் கேள்வியால்தான். நிலம் கைமாறினாலும் உழைப்புக் கடன் நிலத்தோடு செல்லும் என்று தெளிவாக எழுதினால் இந்த அலைச்சல் குறையும்.

செய்யவேண்டியவை பெரிய செலவு பிடிக்காதவை. பணிக்கொடை முப்பது நாளுக்குள் கொடுக்கப்படவேண்டும். வீட்டைப் பற்றிய எந்தக் கோரிக்கையும் தனி மனுவாக, தனி அதிகாரியிடம் போகவேண்டும். ஒவ்வொரு வீட்டையும் தொழிலாளர் துறை அதிகாரி, நிர்வாகத்தின் ஆள், குடியிருப்பவர் மூவரும் மழைக்கு முன்பும் பின்பும் பார்த்து, ஓதம் எங்கே, கசிவு எங்கே, ஷீட் எப்போது மாற்றியது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடவேண்டும். அந்தப் பக்கம் தமிழில் இருக்கவேண்டும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு எழுத்துப் போக்குவரத்து நடத்த உரிமை தந்திருக்கிறது. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் சித்தூரிலும் அந்த உரிமையைக் கேட்டு வாங்கவேண்டியவர்கள் தொழிற்சங்கத்தார்தான். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் வைத்த கைநாட்டு, பின்னாளில் தனக்கெதிராகவே நீட்டப்படுவதை இந்த மக்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

இதை வாசிப்பவர்களில் தோட்டத்தில் உறவினர் உள்ளவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். ஓய்வு நெருங்கும் உங்கள் அம்மாவிடமோ மாமாவிடமோ இப்போதே சொல்லுங்கள்: ஒழுகும் கூரையையும் உப்புப் பூத்த சுவரையும் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்; பழுதைச் சரிசெய்யச் சொல்லும் கடிதத்தைத் தமிழில் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்; பணிக்கொடை விண்ணப்பத்தை ஓய்வு நாளுக்கு முன்பே கொடுங்கள்; சாவியைக் கேட்டால் ரசீதில்லாமல் கொடுக்காதீர்கள்; முப்பது நாள் கடந்தால் உரிய அதிகாரிக்கு மனுப் போடுங்கள், வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள்.